ஸ்காபரோவில் திறந்துகொண்ட உறைகள்

டொரன்டோ விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, அதிலிருந்த காகித உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். எல்லாமே காலி. உள்ளே கையை விட்டுத் துழாவினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இதற்குள் என்ன இருந்தது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "இனி என்ன வைக்கப் போகிறீர்கள்?" அதுவும் ஒன்றுமில்லை என்றேன். கோயம்புத்தூரிலிருந்து இத்தனை தூரம் வெறும் உறைகளோடு வந்த ஒருத்தியை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். என் முகத்தை ஒரு தடவை, கடவுச்சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

உறை செய்வதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். இணையத்தில் வாங்கும் சாமான்கள் முன்பெல்லாம் காற்றுக்குமிழி வைத்த பிளாஸ்டிக் உறையில் வரும். இப்போது உலகம் பிளாஸ்டிக்கைக் கைகழுவிக்கொண்டிருக்கிறது. நாங்கள் தேன்கூடு போல வெட்டிய தாளை உள்ளே மெத்தையாக வைத்துக் காகித உறை செய்கிறோம். வாயில் ஒரு பசைப்பட்டை இருக்கும். மேலே உள்ள தாளை உரித்து, மடித்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். அங்கே தரப் பரிசோதனைக்குப் பொறுப்பு நான்.

டொரன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு கிடங்கு. கடை இல்லாத வியாபாரிகள் பலருடைய சரக்கை வாங்கி வைத்து, ஆர்டர் வந்ததும் பொதி கட்டி அனுப்புகிற இடம். போன இலையுதிர் காலத்தில் அவர்கள் எங்கள் உறைக்கு மாறினார்கள். குளிர் தொடங்கியதும் புகார் வந்தது. உறைகள் வழியிலேயே வாயைத் திறந்துகொள்கின்றன, வாங்கியவர் கைக்கு வெறும் உறை போய்ச் சேர்கிறது. காரணத்தைக் கண்டு அறிக்கை கொடுத்துவிட்டு வா என்று முதலாளி என்னை ஒரு வாரத்துக்கு அனுப்பினார்.

வெளியே குகன் காத்திருந்தார். கிடங்கின் சூப்பர்வைசர். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்கிற ஊரில் புதிதாக வீடு வாங்கியிருந்தார். கார் நின்ற இடத்துக்கு நடந்த இருபது அடியில் என் மூக்கு மரத்துவிட்டது. பிப்ரவரி மாதம். நான் போட்டிருந்த ஜாக்கெட் ஊட்டிக்குப் போதும்.

"உந்த ஜக்கெற்றோட இஞ்ச திரியேலாது அக்கா," என்றார் குகன். "நீங்கள் நிக்கப்போற வீட்டில ராணி அன்ரி இருக்கிறா. அவவிட்டக் கேட்டா ஒண்டு தருவா. எங்கட வெயார்ஹவுசிலதான் பாக்கிங் வேலை. அவவோட பஸ்ஸில வந்தீங்களெண்டாச் சரி."

ராணி அக்காவின் வீடு ஓர் அடுக்குமாடியில் பதினோராவது மாடி. ஐம்பத்து நான்கு வயது. பருத்தித்துறைக்காரர். கணவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஆரணி, பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். தன் அறையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அம்மாவோடு படுத்துக்கொண்டாள். அன்று மாலை புட்டும் மீன்குழம்பும். எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரையும் தேங்காயும். நான் சர்க்கரை கேட்டதும் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சீனியோ?" என்றார் அக்கா. "எடுத்துத் தாறன். ஆனா முதல் ஒரு வாய் குழம்போட சாப்பிட்டுப் பாருங்கோ."

பார்த்தேன். சீனி டப்பா திறக்கப்படவே இல்லை.

திங்கட்கிழமை காலை பஸ். பாதி வழியில் டிரைவர் வண்டியை நிறுத்தி எழுந்து நின்றார். முன்னால் ஏற்றத்தில் இன்னொரு பஸ் சறுக்கிக் குறுக்கே நிற்கிறது, இதற்கு மேல் போகாது என்றார். எங்கள் ஊரென்றால் கண்டக்டரின் சட்டைப் பொத்தான் அறுந்திருக்கும். இங்கே எல்லோரும் வரிசையாக இறங்கினார்கள். ஒரு கிழவர் டிரைவரிடம், "நன்றி. பார்த்துப் போங்கள்," என்றார். நடுத்தெருவில் இறக்கிவிட்டவருக்கு நன்றி!

ராணி அக்கா நன்றி சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பனியில் கிட்டத்தட்ட ஓடினார்.

"மெல்லப் போகலாமே அக்கா. பஸ் நின்றதற்கு நாம் என்ன செய்ய முடியும்?"

"மெசினுக்கு பஸ் தெரியாது," என்றார். "காட்டை இழுத்த நேரம் மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

ஐந்து நிமிடம் தாமதம். வாசலில் வருகை அட்டையை இழுக்கிற சிறு பெட்டி சிவப்பாக ஒளிர்ந்து அதைக் குறித்துக்கொண்டது. பஸ் கதையைக் குகனிடம் சொன்னேன். அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

கிடங்கு நான் நினைத்ததைவிடப் பெரியது, நினைத்ததைவிட அமைதியானது. எங்கள் ஆலையில் பெண்கள் ரேடியோவோடு சேர்ந்து பாடுவார்கள், சண்டை போடுவார்கள். இங்கே வரிசையாக மேசைகள், மேசைக்கு ஓர் ஆள். மேலே பெரிய திரையில் மேசை எண்ணும் அது கட்டிய பொதிகளின் எண்ணிக்கையும் ஓடிக்கொண்டே இருந்தன. பின்தங்கிய மேசையின் எண் மஞ்சளாகும். யாரும் திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் நிறம் மாறியதும் அந்த மேசையில் கைகள் வேகமாகும்.

ராணி அக்காவுடையது பதினான்காம் மேசை. லாரிகளில் சரக்கேற்றும் பெரிய கதவுக்குப் பக்கத்தில். கதவு திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே வந்து உறைக் கட்டுகளின் மேல் படுத்துக்கொள்ளும். அவர் விரல்நுனி வெட்டிய கையுறை போட்டிருந்தார். ஒரு சீசாவை எடுத்து, இரண்டு சுற்றுத் தாளில் உருட்டி, உறைக்குள் தள்ளி, பட்டையை உரித்து, மடித்து, உள்ளங்கையால் இடமிருந்து வலமாக ஒரு தேய்ப்பு. பிறகு வலமிருந்து இடமாக இன்னொன்று. எங்கள் செய்முறைத் தாளில் ஒரு தேய்ப்புதான் எழுதியிருக்கிறோம்.

இரண்டாம் நாள் பஸ் நிறுத்தத்தில், "நீர் ரெண்டு சொக்ஸ் போட்டனீரோ?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கம் 'நீர்' என்று நாடகத்தில் ராஜாதான் பேசுவார். யாழ்ப்பாணத்தில் அது 'நீங்கள்' என்பதற்கும் 'நீ' என்பதற்கும் நடுவில் இருக்கிற, மரியாதையும் உரிமையும் சேர்ந்த சொல் என்று ஆரணி பிறகு விளக்கினாள். "அம்மா லைக்ஸ் யூ," என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு அறையில் அக்கா பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆங்கிலத்தில் நான்கு வரி. உறைகளை ஒட்டும்போது போதிய அழுத்தம் கொடுக்கவில்லை. இது இரண்டாவது எச்சரிக்கை.

"மூண்டாவது வந்தா வீட்டை போக வேண்டியதுதான்," என்றார். "பதினொரு வருசமா ஒட்டுறன். பிளாஸ்ரிக் உறை ஒருக்காலும் திறக்கேல்லை. பேப்பர் வந்தாப் பிறகு என்ர கைக்கு என்ன வந்தது?"

ஒவ்வொரு பொதியின் சீட்டிலும் கட்டியவரின் எண் இருக்கும். திறந்துகொண்ட உறைகளில் பெரும்பாலானவை பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தாம் மேசைகளிலிருந்து போனவை. எச்சரிக்கைக் கடிதமும் அந்த மூவருக்குத்தான். கணினி கணக்காக வேலை செய்திருந்தது. அந்த மூன்று மேசைகளும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் அதனிடம் யாரும் கேட்கவில்லை.

பக்கத்து மேசையில் இரண்டு பிலிப்பினோ பெண்கள் சோற்றைச் சூடாக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "அடுத்த குளிருக்கு நம் மேசைகள் இருக்குமா?" என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரிக்காமல் சொன்னாள்: "மேசை இருக்கும். அதன்மேல் மெஷினை வைப்பார்கள்."

அந்த மெஷினை மறுநாளே பார்த்தேன். விமான நிலையத்துக்கு அருகே ஒரு பெரிய மண்டபத்தில் பொதியல் கண்காட்சி. குகன் என்னைக் காரில் கூட்டிப்போனார். நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் நான் கையில் கொண்டுபோன காபி ஐஸ் தண்ணீராகிவிட்டது.

தொழில் எங்கே போகிறது என்பதை அந்த மண்டபத்தை ஒரு சுற்று வந்தால் தெரிந்துகொள்ளலாம். பிளாஸ்டிக் கண்ணிலேயே படவில்லை. கடல்பாசியில் செய்த மெல்லிய படலத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. தண்ணீர் தொட்டு ஒட்டுகிற தாள் டேப். சாமானை எடுத்துக்கொண்டு திருப்பியனுப்ப வேண்டிய துணி உறை. எல்லாவற்றையும்விட அதிகக் கூட்டம் ஒரு நீளமான மெஷின் முன்னால். சின்னச் சாமானைப் பெரிய பெட்டியில் போட்டு வெறும் காற்றை லாரியில் ஏற்றுவதுதான் இன்றைக்குப் பெரிய பாவம். ஆகவே இந்த மெஷின் சாமானைக் கேமராவால் அளந்து, அதன் அளவுக்கே அட்டையை வெட்டி, மடித்து, மூடி, சீட்டும் ஒட்டி வெளியே தள்ளுகிறது. பக்கத்திலேயே அதன் தம்பி போல ஒன்று, தாள் சுருளிலிருந்து உறை செய்து சூட்டால் வாயை மூடுகிறது. பசையே வேண்டாம்.

விளக்கம் சொன்ன இளைஞர் நல்ல பேச்சுக்காரர். "இதற்கு முதுகு வலிக்காது, இதற்குப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குகன் சிரிக்கவில்லை. "எங்கட மனேஜர் உதைப் போன மாசமே பாத்திட்டா," என்றார் மெதுவாக.

மாலையில் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் கொத்துரொட்டி வாங்கித் தந்தார். தகட்டில் விழுகிற சத்தமே பசியைக் கிளப்பியது. எங்கள் ஊர்க் கொத்துப் பரோட்டாவைவிடக் காரம். அதைத் தின்றுகொண்டே சரக்கேற்றும் கதவைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் கதவடி சரியான குளிர் அக்கா. இரவு முழுக்க உறைக் கட்டுகள் அங்கதான் கிடக்கிறது. மேசைகளை உள்ளுக்கு எடுக்க வேணுமெண்டு நான் ரெண்டு தரம் எழுதினனான். ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை."

வீட்டுக்கு வந்ததும் பத்து உறைகளைப் பால்கனியில் வைத்தேன். பத்தைச் சமையலறையில். வியாழக்கிழமை காலை அக்காவின் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய், குளிரிலேயே பட்டைகளை உரித்து ஒட்டினேன். என் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினேன். மற்ற பத்தையும் உள்ளே ஒட்டினேன். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு வரிசையாக வைத்துவிட்டுத் தேநீர் குடித்தோம்.

முதல் உறை திறந்தபோது மெல்லிய சத்தம் கேட்டது, வேகவைத்த கடலை உடைகிற மாதிரி. பிறகு இன்னொன்று. பால்கனி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வாயைத் திறந்தன. சமையலறை வரிசை அப்படியே இருந்தது.

"ஆரணி! ஓடி வா!" என்று கத்தினார் அக்கா. "உது தானாத் திறக்குது, பாரும்! நீர்தானே அமத்தினது, நான் தொடக்கூட இல்லை!" அந்த வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஓர் உறையை எடுத்து வாயைத் திறந்து திறந்து மூடினார். "அப்ப என்ர கையில பிழை இல்லை."

"இல்லை அக்கா. குளிரில் பசை பிடிக்கவில்லை. நீங்கள் எத்தனை அழுத்தினாலும் பிடிக்காது."

"நீர் உதை எழுதுவீர்தானே?"

"எழுதாமல்?" என்றேன்.

அந்த இரண்டு நிமிடம் நான் நல்லவளாக இருந்தேன். பிறகு அறைக்குள் போய் மடிக்கணினியைத் திறந்தேன். அறிக்கையோடு இணைக்க, பசையின் பழைய பரிசோதனைச் சான்றை எடுத்தேன். போன வருடம் எங்கள் கம்பெனி பசையை மாற்றியிருந்தது. புதியது தாளோடு சேர்ந்து கரையும், மறுசுழற்சிக்கு நல்லது, விலையும் குறைவு. பரிசோதனைப் படிவத்தில் குளிர் அறைச் சோதனை என்று ஒரு கட்டம் உண்டு. எங்களிடம் குளிர் அறை கிடையாது. கோவையில் மே மாத வெயிலில் அந்தக் கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் யார் என்று எனக்கு மறந்திருக்கவில்லை. என் கையெழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்புமுன் முதலாளி அழைத்தார். பால்கனியில் ஒட்டித் திறந்துகொண்ட உறைகளின் படங்களை நான் முந்தின நாளே அவருக்கு அனுப்பியிருந்தேன்.

"அம்மிணி, பசையைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாதுங்க," என்றார். குரல் மிகவும் தன்மையாக இருந்தது. "அங்க ஒருத்தரு தப்புனு எழுதுனா மத்த நாட்டுக்காரனும் கேப்பான். உங்க கையெழுத்துத்தான அதுல இருக்குது? நான் உங்களுக்காகத்தான் சொல்றனுங்க. வைக்கிற எடம் சரியில்ல, ஒட்டுற மொறையக் கொஞ்சம் சரி பண்ணோணும்னு போட்டு முடிச்சிருங்க. நம்ம லைன்ல அறுவது பொண்ணுங்க இருக்குதுங்க. அதையும் நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த அறுபது பேரையும் நான் அவ்வளவு அக்கறையாக நினைத்தது அந்தக் காலையில்தான். பஸ்ஸில் ராணி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சுற்றித் தந்த ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அறிக்கையில் நான்கு வரியை மாற்றினேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வாசிக்க வராது. வந்தாலும் எட்டிப் பார்க்கிறவர் இல்லை.

அன்று கிடங்கில் என் அறிக்கையைப் பற்றிய கூட்டத்தில் மேலாளர், நான், குகன் மூவர்தான். மேலாளர் ஐம்பது வயதுப் பெண்மணி, இந்நாட்டிலேயே பிறந்தவர். அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "எனக்கு நேரம் குறைவு," என்றார். "ஒன்றைச் சொல்லுங்கள். குறை உறையிலா, ஒட்டுகிறவர்களிடமா?"

உறையில் என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"இரண்டும் கலந்து," என்றேன்.

குகன் தலையைக் குனிந்துகொண்டார். மேலாளர் ஏதோ குறித்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறார்கள்.

திரும்பும்போது குகன் காரில் இறக்கிவிட்டார். கட்டடத்தின் முன்னால் நிறுத்திவிட்டு, "உங்கட நிலைமை எனக்கு விளங்குது அக்கா," என்றார். "என்ர நிலைமையும் உதுதான். நானும் அதில இருந்தனான். நானும் வாய் திறக்கேல்லை." திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமையும் அக்காவுக்கு வேலை உண்டு. காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் வேலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். கிடங்கு ஆட்களை நேரடியாக வைத்துக்கொள்வதில்லை, ஒரு ஏஜென்சி மூலம்தான். ஏஜென்சியின் செய்தியை ஆரணி உரக்க வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். நிபுணரின் அறிக்கை ஒட்டும் முறையில் குறை இருப்பதை உறுதிசெய்திருக்கிறது. இனி இந்த இடத்தில் உங்களுக்கு ஷிஃப்ட் இல்லை. உங்கள் சேவைக்கு நன்றி.

பதின்மூன்றாம், பதினைந்தாம் மேசைக்காரர்களுக்கும் அதே செய்தி என்று பிறகு தெரிந்தது. மூன்று மேசை இடம் காலியானால் தாள் சுருள் மெஷின் அங்கே சரியாகப் பொருந்தும்.

"நிபுணர் எண்டா நீங்களா?" என்று கேட்டாள் ஆரணி. "தேர்ஸ்டே மோர்னிங் நான் இஞ்ச நிண்டனான். அம்மா சிரிச்சவ. ஸோ யூ நியூ. தெரிஞ்சுகொண்டுதான் எழுதினீங்கள்?"

"ஆரணி, நான் இரண்டும் கலந்து என்றுதான்..." என்று ஆரம்பித்தேன். என் வாயில் அந்தச் சொற்கள் எனக்கே நாறின.

"விடு பிள்ளை," என்றார் அக்கா. குனிந்து சப்பாத்தின் நாடாவை நிதானமாக அவிழ்த்தார். இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ," என்றார்.

குடியுங்கோ. 'நீர்' போய் 'நீங்கள்' வந்துவிட்டது. எங்கள் ஊரில் மரியாதைச் சொல்லைக் கேட்டு யாருக்கும் முகம் வாடாது. நான் அந்தத் தேநீரைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பால்கனிக்கு அப்பால் பனி பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. வேறு இடம் பார்த்துப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்கும் தைரியம் வரவில்லை. அன்று பகல் முழுக்க அறைக்குள் இருந்தேன். மதியம் கதவைத் தட்டி, தட்டில் இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டேன். பசித்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டினேன். அலுவலகத்தில் கொடுப்பதற்கு இரண்டு சீசா மேப்பிள் பாகு வாங்கியிருந்தேன். ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே வந்து சீசாவை என் கையிலிருந்து வாங்கினார். நான் கொண்டுவந்திருந்த தேன்கூட்டு மாதிரித் தாளை எடுத்து இழுத்து விரித்து, அடியில் ஒரு மடிப்பு, கழுத்தில் இரண்டு சுற்று, மேலே ஒரு முறுக்கு. இரண்டாவதையும் அப்படியே.

"போதும் அக்கா, நானே பார்த்துக்கொள்கிறேன்," என்றேன்.

"அரைகுறையாக் கட்டினதைப் பாத்தா எனக்குக் கை உளையும்," என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சீசாக்களைத் துணிகளுக்கு நடுவே படுக்க வைத்து, பெட்டியை மூடி, ஒரு தடவை அசைத்து, அதன்மேல் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒன்றும் ஆடவில்லை. பிறகு சமையலறைக்குப் போய்விட்டார். ஆரணி என்னை வழியனுப்ப வெளியே வரவில்லை.

நடுவில் விமானம் மாறுவதற்கு ஐந்து மணி நேரம் காத்திருந்தேன். அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மேலாளருக்கு எழுதினேன். பால்கனிப் படங்கள், பசை மாற்றம், செய்யாத குளிர் சோதனை, அதில் இருக்கும் என் கையெழுத்து. மூன்று மேசைக்காரர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தனி வரியாக எழுதினேன். குகனுக்கு ஒரு நகல். அனுப்பிவிட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் காகிதக் கைக்குட்டை நீட்டினார். ஊருக்குப் போகிற துக்கம் என்று நினைத்திருப்பார்.

பதில் நான்கு நாளில் வந்தது. நேர்மைக்கு நன்றி. மூன்று பணியாளர்களின் பதிவிலிருந்தும் எச்சரிக்கைகளை நீக்கும்படி ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டோம். ஆனால் அந்த மூன்று இடங்களும் இப்போது இல்லை, மெஷின் வந்துவிட்டது. உறை வேலை முழுவதையும் இனி மெஷினே செய்யும், அதற்கு ஒட்டும் உறை தேவைப்படாது என்பதால் உங்கள் நிறுவனத்திடமிருந்து இனி வாங்க மாட்டோம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. தரப் பரிசோதனையிலிருந்து மாற்றி, சரக்கு அனுப்பும் பிரிவில் உட்கார வைத்தார். வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உதறவில்லை. பழைய பசைக்கே திரும்பிவிட்டார்கள். லைனில் இருந்த பெண்களில் கனடா ஆர்டருக்காகச் சேர்த்த பன்னிரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னைக் கண்டால் இப்போதும் வணக்கம் சொல்கிறார்கள். அவர்களுக்கு விவரம் தெரியாது.

ராணி அக்காவுக்கு மூன்று தடவை எழுதினேன். மேலாளரின் பதிலையும் அனுப்பினேன். மார்ச் கடைசியில் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் பஸ் அறிவிப்பு கேட்டது. எங்கோ போய்க்கொண்டிருந்தார், வேலைக்கோ வேலை தேடியோ தெரியவில்லை. சொல்லவில்லை.

"நீங்கள் அனுப்பினதைப் பிள்ளை வாசிச்சுச் சொன்னவள்," என்றார். "என்னில பிழை இல்லையெண்டு எழுதியிருக்கிறியளாம். சரி. அது எனக்கு முதலே தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரியவேண்டிய ஆக்களுக்கு, தெரியவேண்டிய நேரத்தில நீங்கள் சொல்லேல்லை. இனி எனக்கு ஒண்டும் எழுதாதேங்கோ."